கேபிள் அடையாளமும் பதிவேடும்: தந்திக் கம்பம் முதல் கல்வராயன் மலை வரை

கேபிள் அடையாளமிடல் என்பது, ஒரு கட்டடத்தில் ஓடும் ஒவ்வொரு கணினி வலையமைப்புக் கேபிளுக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணை அதன் இரு முனைகளிலும் ஒட்டி, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறையாகும். ஐந்து கணினிகள் உள்ள அறையில் இதன் தேவை தெரியாது. ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் நூறு கேபிள்கள் சுவரோரப் பெட்டி ஒன்றுக்குள் வந்து நுழையும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. எது எந்த மேசைக்குப் போகிறது என்று அறிய ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். ஒன்றைப் பிடுங்கிவிட்டு எந்த அறையிலிருந்து குரல் வருகிறது என்று கேட்கலாம். இரண்டும் இன்றும் பல அலுவலகங்களில் நடைமுறையில் உள்ள வழிகளே.

இந்த முறைக்குக் கணினியைவிட மிக நீண்ட வரலாறு உண்டு. தந்தி, தொலைபேசி, கணினி, கண்ணாடி இழை என்று கம்பியின் வடிவம் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும், ஓர் ஊழியர் நினைவில் வைத்திருந்த செய்தியை அவர் இல்லாத நாளிலும் மற்றவர் படிக்கும்படி எழுதவேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் அந்தக் கட்டாயம் வேறெங்கும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

நினைவிலிருந்து எண்ணுக்கு

இந்தியாவின் முதல் தந்திப் பாதை கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே 1851-இல் இயங்கத் தொடங்கியது. அதை அமைத்தவர் வில்லியம் ஓ'ஷானசி என்ற மருத்துவர். 1855-இல் தந்திச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே சென்னையும் இணைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஓடும் கம்பி எங்கே அறுந்தது என்று சொல்ல, அதைத் தாங்கும் கம்பங்களுக்கு எண் தேவைப்பட்டது. ரயில் பாதையோரத் தந்திக் கம்பங்களின் எண்கள் கம்பிக்காரர்களுக்கு மட்டுமின்றி ரயில்வேக்கும் காவல்துறைக்கும் இடம் குறிக்கும் அளவுகோலாக இருந்தன. மின்மயமான பாதைகளில் இன்று மின்கம்பங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கிலோமீட்டரும் வரிசை எண்ணும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

தந்தியில் கம்பிகள் சில, ஊர்கள் பல. தொலைபேசியில் இது தலைகீழானது. ஓர் ஊரிலேயே நூற்றுக்கணக்கான கம்பிகள் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தன. தொடக்ககால இணைப்பகங்களில் சந்தாதாரரைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். எந்தத் துளை எந்த வீட்டுக்கு என்பது இயக்குநரின் மனத்தில் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவல் நகரில் 1879-இல் தட்டம்மை பரவியது. நகரின் நான்கு இயக்குநர்களும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் புதியவர்களால் இணைப்பகத்தை நடத்த முடியாது என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவர் அஞ்சினார். சந்தாதாரர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன யோசனையே தொலைபேசி எண்ணின் தொடக்கம் என்று தொலைபேசி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பெயரைவிட எண் அழகானது என்பதற்காக யாரும் அதை ஏற்கவில்லை. தெரிந்தவர் நோயில் படுத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதே காரணம்.

கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882-இல் தொடங்கின. ஊர்களுக்கும் பிற்காலத்தில் எண் வந்தது. கள்ளக்குறிச்சியின் தொலைபேசிக் குறியீடு 04151, விழுப்புரத்தின் குறியீடு 04146 என்பன இந்த அடையாள வரிசையின் மேல்படிகளே. மாவட்டம் பிரிந்தபோதும் இந்தக் குறியீடுகள் மாறவில்லை. எண் இணைப்பகத்தைக் குறிக்கிறதே தவிர மாவட்ட எல்லையை அல்ல.

தொலைபேசி இணைப்பகத்தின் இரும்புச் சட்டம்

இன்றைய வலையமைப்புப் பெட்டியின் மூதாதை, தொலைபேசி இணைப்பகங்களில் எம்.டி.எஃப். என்று அழைக்கப்படும் பெரிய இரும்புச் சட்டம். அதன் ஒரு பக்கத்தில் தெருவிலிருந்து வரும் கேபிளின் கம்பி இணைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் இணைப்பகக் கருவியின் தொலைபேசி எண்கள் இருக்கும். இரண்டையும் ஜம்பர் எனப்படும் மெல்லிய கம்பி இணைக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. தெருவில் புதைந்த கம்பி இணைக்கு ஓர் எண். சந்தாதாரரின் தொலைபேசிக்கு வேறு எண். ஒருவர் வீடு மாறினாலும் தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஜம்பரை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும். ஆனால் அப்படி மாற்றியதை உடனே அட்டையில் எழுதாவிட்டால், பழுது வரும்போது ஊழியர் தவறான தெருவில் போய் நிற்பார். தொலைபேசித் துறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பதிவு வைத்திருந்தார்கள். எந்த இணை, எந்தப் பில்லர் பெட்டி, எந்த டி.பி. பெட்டி, அதில் எத்தனையாவது முனை என்பது அதில் இருக்கும். 198-ஐ அழைத்துப் புகார் சொன்னவருக்குத் தெரியாமல் அந்தப் பதிவுதான் லைன்மேனை அவர் வீட்டு வாசலுக்கு அழைத்துவந்தது.

பதிவு சரியில்லாத இடங்களில் அந்தப் பகுதியை நீண்ட காலம் பார்த்த லைன்மேனின் நினைவே பதிவேடாக இருந்தது. அவர் விடுப்பில் போனால் தெருவே காத்திருக்கும். இதில் ஒரு மறைமுக அதிகாரமும் இருந்தது: தான் மட்டும் அறிந்த கம்பியை எழுதிவைக்க எந்த ஊழியருக்கும் பெரிய ஆர்வம் இராது. லோவல் மருத்துவரின் அச்சம் ஒரு நூற்றாண்டு கழித்தும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உயிரோடுதான் இருந்தது.

நிறங்களின் வரிசை

பழைய தொலைபேசிக் கேபிள்களில் செப்புக் கம்பிகளின் மேல் காகிதம் சுற்றியிருக்கும். வெளியே ஈய உறை. கேபிளை வெட்டினால் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான இணைகளை வேறுபடுத்துவது கடினம். ஜாயிண்டர் ஒரு முனையில் ஒலி செலுத்தி, மறுமுனையில் இன்னொருவர் கேட்டு, ஒவ்வொன்றாக எண் கட்டவேண்டும். 1950-களில் அமெரிக்காவில் நெகிழி உறையிட்ட கம்பிகள் வந்ததும் அடையாளத்தைக் கம்பியின் நிறத்திலேயே வைக்க முடிந்தது. வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறங்கள் ஒரு பக்கம்; நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து நிறங்கள் மறுபக்கம். இரண்டு வரிசையையும் சேர்த்தால் 25 இணைகள். வெள்ளை-நீலம் முதல் இணை, வெள்ளை-ஆரஞ்சு இரண்டாவது, ஊதா-சாம்பல் இருபத்தைந்தாவது.

இந்தியாவில் 1980-களிலிருந்து காகிதக் கேபிள்களின் இடத்தைப் பிடித்த ஜெல்லி நிரப்பிய கேபிள்கள் இதே வரிசையை ஊதா இல்லாமல் நான்கு நிறங்களுடன் எடுத்துக்கொண்டன. அதனால் இங்கு அடிப்படைக் கட்டு 20 இணைகள். தொலைபேசித் துறையில் பணிசெய்தவர்கள் இந்த வரிசையை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்.

இந்த வரிசை தொலைபேசியோடு முடிந்துவிடவில்லை. இன்று அலுவலகங்களில் பயன்படும் வலையமைப்புக் கேபிளின் உள்ளே நான்கு இணைகள் இருக்கும். அவற்றின் நிறங்கள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. பழைய வரிசையின் முதல் நான்கும் இவையே. கண்ணாடி இழைக் கேபிளில் பன்னிரண்டு இழைகளின் நிற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, கடல்நீலம். இதன் முதல் பத்தும் தொலைபேசிக் கேபிளின் இரண்டு வரிசைகளை அடுத்தடுத்து வைத்தவை. செம்பு போய்க் கண்ணாடி வந்தபின்னும் ஜாயிண்டரின் வாய்ப்பாடு பயன்படுகிறது.

வலையமைப்புக் கேபிளின் முனையில் ஆர்.ஜே.45 செருகியைப் பொருத்துவதற்கு ஏ, பி என்று இரண்டு நிற ஒழுங்குகள் உண்டு. பச்சை இணையும் ஆரஞ்சு இணையும் இடம் மாறுவது மட்டுமே வேறுபாடு. எதைத் தேர்ந்தாலும் வேகம் ஒன்றுதான். ஆனால் ஒரு கட்டடம் முழுவதும் ஒன்றையே பின்பற்றவேண்டும், எது என்பதைப் பெட்டியின் கதவிலேயே எழுதவேண்டும். அப்படி எழுதாத கட்டடத்தில் பழுது பார்க்க வருபவர் தனக்குப் பழகிய ஒழுங்கில் ஒரு முனையை மாற்றிவிட்டுப் போவார். மறுமுனை பழைய ஒழுங்கிலேயே இருக்கும்.

ஒற்றைக் கேபிளின் காலம்

கணினி வலையமைப்பு தொடங்கியபோது அடையாளச் சிக்கலே இல்லை. ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவானது. அதன் தொடக்க வடிவங்களில் தடித்த ஒற்றைக் கேபிள் எல்லா அறைகளின் வழியாகவும் போகும். கணினிகள் வழியில் அதைத் தொட்டுக்கொள்ளும். தடித்த ஈதர்நெட் கேபிளின் உறையில் 2.5 மீட்டருக்கு ஒரு கோடு போடப்பட்டிருக்கும். கணினியை அந்தக் கோட்டில்தான் இணைக்கவேண்டும். கேபிளிலேயே அச்சிட்டு வந்த அடையாளம் அது. பின்னர் வந்த மெல்லிய கேபிளில் ஓர் இடத்தில் இணைப்பு கழன்றாலும் அறை முழுவதும் நின்றுவிடும். பழுதைத் தேடுவது எரிச்சலான வேலை. ஆனால் எந்தக் கேபிள் என்ற கேள்வி மட்டும் எழாது.

1990-இல் முறுக்கிய இணைக் கேபிளில் ஈதர்நெட் ஓடுவதற்கான தரம் வெளியானது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனிக் கேபிள் மையப் பெட்டிக்கு வரவேண்டும் என்பது இதன் அமைப்பு. ஒரு கேபிள் கெட்டால் ஒரு கணினி மட்டும் நிற்கும் என்பது பெரிய நன்மை. அதற்குக் கொடுத்த விலை கேபிள்களின் எண்ணிக்கை. நாற்பது மேசைகள் இருந்தால் நாற்பது கேபிள்கள். தொலைபேசி இணைப்பகத்தின் பழைய சிக்கல் அலுவலக மாடிப்படியின் கீழ் வந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் அப்போது இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. 1984 ஜனவரி 1-ஆம் நாள் பெல் நிறுவனம் பிரிக்கப்பட்டது. அதுவரை தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருந்த கட்டட உட்கம்பிகளின் பொறுப்பு கட்டட உரிமையாளர்களிடம் வந்துசேர்ந்தது. கம்பி வந்தது, அதைப் பற்றிய அறிவு நிறுவனத்திலேயே தங்கிவிட்டது. இந்த வெற்றிடத்தை நிரப்ப எழுந்ததே கட்டமைக்கப்பட்ட கேபிளிடல் என்ற துறை. அதன் முதல் பெருந்தரமான 568, 1991-இல் வெளிவந்தது. கேபிளை எப்படி இடுவது என்று அது சொன்னது. கிடைமட்டக் கேபிள் 90 மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற, எல்லாப் பணியாளருக்கும் தெரிந்த விதி இதிலிருந்து வந்தது. இட்டதை எப்படிக் குறித்துவைப்பது என்பதற்குத் தனித் தரம் வேண்டியிருந்தது.

606

அந்தத் தரம் 1993-இல் 606 என்ற எண்ணில் வெளியானது. 2002, 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. கள்ளக்குறிச்சியின் அஞ்சல் குறியீடும் 606 என்றே தொடங்குவது வெறும் தற்செயல் என்றாலும், அவ்வூர் மாணவர் ஒருவர் இந்தத் தர எண்ணை மறக்கமாட்டார்.

606-இன் உள்ளடக்கம் பெரிதும் பொது அறிவுதான். ஒவ்வொரு கேபிளுக்கும் கட்டடத்தில் ஒன்றே ஒன்றான எண் இருக்கவேண்டும். அந்த எண்ணை இரு முனைகளிலும், உறை முடியும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் ஒட்டவேண்டும். அதே எண் பதிவிலும் வரைபடத்திலும் இருக்கவேண்டும். எண்ணைப் பார்த்தாலே இடம் தெரியவேண்டும். எடுத்துக்காட்டாக 1ஏ-பி07 என்றால் முதல் தளத்தில், ஏ என்ற அறையில், பி என்ற இணைப்புப் பலகையில், ஏழாவது துளை. தரம் நிறங்களையும் வகுக்கிறது: வெளியிலிருந்து சேவை நிறுவனத்தின் கேபிள் வந்து முடியும் இடம் ஆரஞ்சு, மேசைகளுக்குப் போகும் கேபிள்கள் நீலம், கட்டடங்களுக்கு இடையே போவது பழுப்பு. ஓர் அறை மட்டும் உள்ள சிற்றலுவலகம் முதல் பல ஊர்களில் பரவிய நிறுவனம் வரை நான்கு வகுப்புகளாகப் பிரித்து, சிறிய அலுவலகத்துக்குச் சிறிய பதிவே போதும் என்றும் அது சொல்கிறது.

இதில் பலர் கவனிக்காத கருத்து, எண் இடத்தைக் குறிக்கவேண்டும், ஆளைக் குறிக்கக்கூடாது என்பது. 'வட்டாட்சியர் மேசை' என்று கேபிளில் எழுதி ஒட்டினால் அது அறைகள் மாறும் நாள் வரைதான் உண்மை. அரசு அலுவலகங்களில் அ1, அ2, ஆ1 என்று இருக்கைகளுக்குக் குறியீடு உண்டு. அதையே கேபிளுக்கும் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இருக்கையும் அலமாரியோடு அடுத்த அறைக்கு நகரும். சுவரில் உள்ள துளை நகராது. துளைக்குத்தான் எண் வேண்டும். இன்று அந்தத் துளையில் யார் இருக்கிறார் என்பது பதிவேட்டின் ஒரு கட்டத்தில் பென்சிலால் எழுதத்தக்க செய்தி.

அமெரிக்க மின்சார விதித்தொகுப்பு 2002 பதிப்பில், பயன்பாட்டில் இல்லாத கேபிள்களைக் கூரையிலிருந்து அகற்றவேண்டும் என்ற விதி வந்தது. தீப்பிடித்தால் அவற்றின் உறை புகையைப் பெருக்கும் என்பது காரணம். எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று அடையாளம் கட்டியவற்றுக்கு மட்டும் விலக்கு. பெயர் இல்லாத கேபிள் கைவிடப்பட்ட கேபிளாகக் கொள்ளப்படும்.

புல எண்ணும் கேபிள் எண்ணும்

606-இன் கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது என்றாலும், தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு அது அந்நியமானதல்ல. நில அளவையில் வயலின் மூலையில் கல் நடப்படுகிறது. புல எண் தரப்படுகிறது. புலப்படத்தில் எல்லை வரையப்படுகிறது. அ-பதிவேட்டில் உரிமையாளர், பரப்பு, வகைப்பாடு எழுதப்படுகின்றன. கல், படம், பதிவேடு மூன்றும் ஒத்துப்போகும் வரை சண்டை இல்லை. பாகம் பிரித்தபின் உட்பிரிவு செய்து பதிவேட்டில் ஏற்றாமல் விட்ட வயல்தான் நீதிமன்றத்துக்குப் போகிறது.

கேபிளின் முனையில் ஒட்டும் சீட்டு கல்லுக்குச் சமம். தளவரைபடம் புலப்படத்துக்குச் சமம். கேபிள் பட்டியல் அ-பதிவேடு. நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த ஒழுங்கைப் பேணிய அலுவலகங்களின் சுவர்களிலேயே பெயரற்ற கேபிள்கள் தொங்குவது விந்தையானது. அரசு அலுவலக நாற்காலியின் பின்புறத்தில் இருப்புப் பதிவேட்டு எண் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். மேசைக்கும் மின்விசிறிக்கும்கூட எண் உண்டு. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஓடும் கேபிளுக்கு இல்லை.

இதற்குக் காரணம் சோம்பல் என்று மட்டும் சொல்லமுடியாது. அரசுப் பணிகளில் ஒப்பந்தக்காரர் செய்த வேலை அளவுப் புத்தகத்தில் பதியப்படுகிறது. இத்தனை மீட்டர் கேபிள், இத்தனை துளைகள், இத்தனை பெட்டிகள் என்று அதில் இருக்கும். பணம் கொடுப்பதற்கு அது போதும். எந்த மீட்டர் எங்கிருந்து எங்கே போனது என்பது பணம் கொடுப்பதற்குத் தேவையில்லை; ஆகவே அது அங்கு இடம்பெறுவதில்லை. எவ்வளவு கேபிள் வாங்கினோம் என்று மீட்டர் கணக்கில் சொல்லக்கூடிய அலுவலகத்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லமுடியாமல் போவது இப்படித்தான். சீட்டும் பட்டியலும் வரைபடமும் கொடுத்தபின்னரே இறுதித் தொகை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் நிலை மாறும். எழுதும் உழைப்பு இன்றைய ஒப்பந்தக்காரருடையது. அதன் பயன் ஐந்து ஆண்டு கழித்துப் பழுது பார்க்க வருபவருடையது. இடையில் ஒரு கட்டாயம் இல்லாமல் இந்த இரண்டும் சந்திப்பதில்லை.

மாவட்டம் பிரியும்போது

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களைக் கணினி வழியே இணைக்கும் வேலை, தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெட் செயற்கைக்கோள் வலையமைப்போடு 1980-களின் பிற்பாதியில் தொடங்கியது. பின்னர் எல்காட் நிறுவனத்தின் வழியே தமிழ்நாடு மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு வந்தது. தலைமைச் செயலகம், ஆட்சியர் அலுவலகங்கள், வட்ட, ஒன்றிய அலுவலகங்கள் ஒரே வலையில் சேர்ந்தன. பத்திரப்பதிவு, பட்டா, சான்றிதழ் என்று ஒவ்வொரு சேவையும் கணினிக்கு மாறியபோது ஒவ்வொரு துறையும் தன் கேபிளைத் தனியே இட்டது. ஒரே அலுவலகத்தில் மூன்று திட்டங்களின் மூன்று தலைமுறைக் கேபிள்கள் ஒரே குழாயில் ஓடுவது இதன் விளைவு. பழையதை யாரும் எடுப்பதில்லை. எது பழையது என்று உறுதியாகத் தெரியாதபோது எடுக்கவும் முடியாது.

கள்ளக்குறிச்சி நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. 1993-இல் அது புதிய விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரானது. இப்படிப் பிரியும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் கட்டுக் கட்டாகப் பிரிந்து புதிய அலுவலகத்துக்கு வருகின்றன. அவற்றுக்குப் பட்டியலும் ஒப்புகையும் உண்டு. கேபிள்களோ பிரிந்து வருவதில்லை, புதிதாக இடப்படுகின்றன. புதிய மாவட்டத்தின் அலுவலகங்கள் தொடக்கத்தில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களிலும் தற்காலிக இடங்களிலும்தான் அமையும். வேறு பயன்பாட்டுக்குக் கட்டிய அறைகளில், மக்கள் வாசலில் காத்திருக்கும்போது, 'எப்படியும் நிரந்தரக் கட்டடத்துக்குப் போகப்போகிறோம்' என்ற எண்ணத்தோடு கேபிள் இழுக்கப்படும். தற்காலிகம் என்ற சொல்லே பதிவேட்டின் முதல் எதிரி. தற்காலிகமாக இழுத்த கேபிள் பல ஆண்டுகள் வேலை செய்யும். அதை இழுத்தவர் பல மாதங்களிலேயே வேறு ஊருக்குப் போயிருப்பார்.

மலையில்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் அமைந்தது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கிறார்கள். ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்த இந்த மலை, 1976-இல் அம்முறை நீங்கியபின் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. பதிவேடுகளால் இயங்கும் ஆட்சி சமவெளிக்கு வந்து நூற்றாண்டுகள் கழித்தே இங்கு ஏறியது. இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்தில் சேராப்பட்டு, இன்னாடு உள்ளிட்ட 15 ஊராட்சிகள் இருக்கின்றன.

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி, டான்ஃபிநெட் என்னும் மாநில அரசு நிறுவனத்தின் பொறுப்பில் 2022-இல் தொடங்கப்பட்டது. இழையில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும் 15 விழுக்காடு தரைக்கடியிலும் போகும் என்பது திட்டம். ஒவ்வோர் ஊராட்சியிலும் சேவை மையத்திலோ அரசுக் கட்டடம் ஒன்றிலோ பெட்டியும் யு.பி.எஸ். கருவியும் வைக்கப்படும். இழையில் செம்பு இல்லை, திருடி விற்க எதுவும் கிடைக்காது என்று ஊர்தோறும் அறிவிக்கவேண்டியிருந்தது. செப்புக் கேபிள் காலத்தின் நினைவு இன்னும் போகவில்லை.

மலையில் மின்கம்பத்தின் மேல் போகும் கேபிள் மரக்கிளை விழுந்தால் அறும். சாலை அகலப்படுத்தும்போது அறும். அப்போது ஓ.டி.டி.ஆர். என்ற கருவியை ஒரு முனையில் செருகி ஒளித் துடிப்பை அனுப்புவார்கள். அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அறுந்த இடம் எத்தனை மீட்டர் தொலைவில் என்று கருவி சொல்லும். 4,300 மீட்டர் என்று காட்டுவதாகக் கொள்வோம். வண்டியில் ஏறி 4.3 கிலோமீட்டர் போனால் அந்த இடம் கிடைக்காது. கருவி அளப்பது கேபிளின் நீளத்தை. சாலையின் நீளத்தை அல்ல. கம்பத்துக்குக் கம்பம் கேபிள் தொய்ந்து செல்கிறது. பிற்காலத்தில் இணைக்க வசதியாகச் சில கம்பங்களில் பல மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சாலை சுற்றிப்போக, மின்கம்பங்கள் சரிவில் நேராக ஏறும்.

மீட்டரைக் கம்பமாக மாற்றித் தருவது பதிவேடு மட்டுமே. எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் சுருள், எந்தக் கம்பத்தில் இணைப்புப் பெட்டி, அந்த இடத்தில் கேபிள் உறையில் அச்சிட்ட மீட்டர் எண் என்ன என்ற மூன்று செய்திகள் இருந்தால் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடியும். கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகியே வருகிறது. இடும்போது இணைப்புப் பெட்டிதோறும் அதைப் படித்து எழுதிக்கொள்வது ஒருவருக்கு ஒரு நிமிட வேலை. மின்வாரியக் கம்பங்களிலும் எண் எழுதப்படுகிறது. இரண்டு எண் வரிசைகளும் கண்முன்னே தயாராக இருக்கின்றன. அவற்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டியதுதான் பாக்கி.

எழுதாவிட்டால் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வந்தவர் ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்து நடக்கவேண்டும். மழைக்காலத்தில் மாலை மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் வேலை மறுநாளுக்குப் போகும். பழங்குடிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வந்த மாணவர் இணையம் இல்லாத சேவை மையத்திலிருந்து திரும்பிப் போவார். அடுத்த நாளும் வந்தால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இரண்டு முறை போகும். சமவெளியில் இதே பழுதுக்கு மாற்று மையம் அடுத்த தெருவில் இருக்கும்.

கேபிள் கடைசியாக வந்து முடியும் பெட்டியிலும் இதே கதைதான். பெட்டியின் சாவி யாரிடம், மின்சாரம் எந்தப் பலகையிலிருந்து, பன்னிரண்டு இழைகளில் எந்த நிறம் எந்தத் துளையில், எவை பயன்பாட்டில் இல்லாதவை என்று கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தால், பழுது பார்க்க வருபவர் தொலைபேசியில் மற்றவரைத் தேடவேண்டியதில்லை. மலையில் செல்பேசி எல்லா இடத்திலும் எடுக்காது.

சீட்டின் பொருள்

அடையாளம் எழுதும் பொருளும் அற்பமானதல்ல. காகிதத்தில் எழுதிச் செல்லோடேப் ஒட்டிய சீட்டு இரண்டு கோடையில் பழுத்து உதிரும். பசை உருகிக் கேபிளில் தூசி மட்டும் பிடித்திருக்கும். கேபிளின் மேல் நேராக மார்க்கரால் எழுதியது விரல் பட்டால் அழியும். மின்பலகை வேலை செய்வோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஃபெரூல் எனப்படும் எண் வளையங்கள் உறுதியானவை. ஆனால் செருகியைப் பொருத்துமுன் கோக்கவேண்டும், பின்னர் கோக்க முடியாது. கேபிளைச் சுற்றி ஒட்டி, எழுத்தின் மேல் தன் ஒளிபுகும் வாலையே மூடிக்கொள்ளும் சீட்டு அலுவலகத்துக்கு ஏற்றது. மழை வெயில் படும் கம்பத்தில் பொறித்த உலோகத் தகடோ வெயில் தாங்கும் நெகிழித் தகடோ வேண்டும்.

சீட்டில் எண் மட்டும் போதும். எண்ணுக்கு மொழி இல்லை. பதிவேட்டில் இடத்தைத் தமிழில் எழுதுவது நல்லது. 'தபால் பிரிவு, கிழக்கு ஜன்னலின் கீழ், இரட்டைத் துளையில் இடப்பக்கம்' என்று எழுதினால் அலுவலக உதவியாளரும் தொலைபேசி வழியே கேட்டுச் சரிபார்த்துச் சொல்லமுடியும். மென்பொருள் வேண்டும் என்பதில்லை. சிறிய அலுவலகத்துக்கு நாற்பது பக்க நோட்டு போதுமானது. அதை அலமாரியில் பூட்டாமல் பெட்டிக்குள்ளேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மாற்றம் செய்த கையே மாற்றத்தை எழுதும். தேதியும் கையெழுத்தும் இல்லாத வரியை நம்பவேண்டாம் என்பது பழைய தொலைபேசி அட்டைகளுக்குப் பொருந்தியது போலவே இதற்கும் பொருந்தும்.